கரும்புள்ளி மறையும் இடம்: டெய்லர் கே-2006 நீர்ச் சோதனைப் பெட்டி, ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 12 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் சராசரியாக 1.2 மீட்டர் ஆழமும் கொண்ட திறந்தவெளி நீச்சல்குளம் ஒன்று இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 72,000 லிட்டர். வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற ஒரே தகுதியின் பேரில், அந்தக் குளத்தின் பொறுப்பு சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் என் தலையில் வந்து விழுந்தது. அந்தப் பொறுப்புக்காக வாங்கிய டெய்லர் கே-2006 என்னும் சோதனைப் பெட்டியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெட்டிக்குள் பல சோதனைகள் இருந்தாலும் நான் விரித்து எழுதப்போவது ஒன்றை மட்டுமே: கடைக்காரர்கள் ஸ்டெபிலைசர் என்று அழைக்கும் சயனூரிக் அமிலத்தை அளக்கும் சோதனை. பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் முக்கால் பங்கு அந்த ஒன்றுக்காகவே கொடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

எதற்காக வாங்க நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். குளத்தைப் பராமரிக்க ஓர் ஒப்பந்த நிறுவனத்தை அமர்த்தியிருந்தோம். அதன் பெயர் இங்கே தேவையில்லை. ஏனெனில் நான் கேட்டறிந்த அளவில், அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளின் குளங்களிலும் நடப்பது இதே முறைதான். அந்நிறுவனத்தின் ஊழியர் தினமும் காலையில் இரண்டு அறைகள் கொண்ட சிறு பிளாஸ்டிக் குழாயில் குளத்து நீரை மொண்டு, ஓர் அறையில் மஞ்சள் நிறம் தரும் சொட்டு மருந்தையும் மற்றொன்றில் சிவப்பு நிறம் தரும் சொட்டு மருந்தையும் விட்டு, வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மஞ்சள் வருது சார், குளோரின் இருக்கு" என்பார். பதிவேட்டில் குளோரின் 1.5 என்றும் பிஎச் 7.4 என்றும் எழுதிக் கையெழுத்திடுவார். ஒரு மாதம் முழுவதும் இந்த இரண்டு எண்களும் மாறவில்லை. மோட்டார் பழுதாகிக் குளத்தைப் பூட்டி வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே 1.5, அதே 7.4 எழுதப்பட்டிருந்ததைப் பார்த்த பிறகே எனக்குப் பதிவேட்டின் மேல் சந்தேகம் வந்தது.

குளமோ வேறு கதை சொன்னது. மார்ச் மாதத்திலேயே இறங்கும் படிகள் வழுக்கத் தொடங்கிவிட்டன. மே மாதத்தில், நிழல் விழும் மூலைகளில் ஓடுகளின் இடுக்குகள் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. அதற்கு மருந்தாக ஊழியர் இன்னும் ஒரு மடங்கு குளோரின் தூளைத் தூவினார். அது போதாதபோது மயில்துத்தமும், பிறகு படிகாரமும் போட்டு, அடியில் படிந்ததை உறிஞ்சி எடுத்தார். இரண்டு நாள் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். மூன்றாம் நாள் படி மறுபடியும் வழுக்கும். மயில்துத்தம் என்பது தாமிர உப்பு. பாசியைக் கொல்லும் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தாமிரம் தண்ணீரிலேயே தங்கிச் சுவரில் கறையாகப் படியும். குளோரினும் இருக்கிறது, பாசியும் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும். பாசியைக் கண்ணால் பார்த்துவிட்டேன். எனவே சந்தேகம் குளோரினின் மேல் திரும்பியது.

இங்கே ஸ்டெபிலைசரின் வேலையைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. அது தெரியாமல் இந்தப் பெட்டியின் அருமை தெரியாது. தண்ணீரில் கரைந்த குளோரினை வெயிலின் புற ஊதாக் கதிர்கள் வேகமாகச் சிதைத்துவிடும். திறந்தவெளிக் குளத்தில் உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் போனால், காலையில் போட்டதில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். சயனூரிக் அமிலம் குளோரினைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது. கிருமியையோ அழுக்கையோ தாக்கிக் குளோரின் செலவாகும்போது, பிணைத்து வைத்ததில் சிறிது விடுவிக்கிறது. 30 முதல் 50 பிபிஎம் வரை (ஒரு பிபிஎம் என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) இருந்தால் இது நல்ல ஏற்பாடு. ஆனால் அளவு ஏற ஏறப் பிணைப்பில் கிடக்கும் பங்கு கூடி, கிருமியைக் கொல்லும் நிலையில் இருக்கும் பங்கு சுருங்குகிறது. குளோரினை அளக்கும் சோதனைகள் இந்த இரண்டு பங்கையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிணைப்பில் உள்ளதையும் சேர்த்தே காட்டுகின்றன. ஆகவே குளோரின் எவ்வளவு என்ற கேள்விக்கு, ஸ்டெபிலைசர் எவ்வளவு என்பது தெரியாமல் பதில் சொன்னால் அது பாதிப் பதில்தான். குளம் பராமரிப்பவர்கள் கையாளும் எளிய கணக்கு ஒன்று உண்டு: பாசி வராமலிருக்க, ஸ்டெபிலைசரின் அளவில் குறைந்தது 7.5 சதவீதமாவது குளோரின் இருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் 40 என்றால் குளோரின் 3. ஸ்டெபிலைசர் 200 என்றால் குளோரின் 15.

200 வரை எப்படி ஏறும் என்று கேட்கலாம். எங்கள் குளத்தில் ஒருவரும் தனியாக ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டதே இல்லை. போட்டது டிசிசிஏ 90 (டிரைகுளோரோஐசோசயனூரிக் அமிலம்) என்னும் குளோரின் தூள். இரவுக்கு 150 கிராம். அந்தத் தூளின் எடையில் ஏறத்தாழ 55 சதவீதம் சயனூரிக் அமிலமாகவே தண்ணீரில் தங்கிவிடும். 72,000 லிட்டரில் அது நாளொன்றுக்கு 1.16 பிபிஎம், மாதத்துக்கு 35 பிபிஎம். குளோரின் வெயிலிலும் அழுக்கிலும் செலவாகிவிடுகிறது. இதுவோ எங்கும் போவதில்லை. கோடையில் குளத்திலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே. லாரித் தண்ணீர் விட்டு மட்டத்தைச் சரிசெய்தாலும் அமிலத்தின் அளவு முன்பிருந்தபடியேதான் நிற்கும். ஃபில்டரை பேக்வாஷ் செய்யும்போது, அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவும்போது, வெளியேறும் நீரோடும், பிள்ளைகள் குதிக்கும்போது சிதறும் நீரோடும் போவதுதான் கழிவு. வரவு தினசரி, செலவு வாரத்துக்கு ஒருமுறை சொற்பம் என்றால் இருப்பு எங்கே போய் நிற்கும் என்பதை வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எவரும் சொல்லிவிடுவார்கள். டிரம்மின் மேல் ஒட்டியிருந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பெட்டியை இணையம் வழியாக வரவழைத்தோம். வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. நீல நிறத்தில் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே எண்ணிட்ட சொட்டுப் புட்டிகள், குளோரின் சோதனைக்கான தூள், அதை அள்ளச் சிறு கரண்டி, அளவுக் கோடுகள் பதித்த குழாய்கள், ஒரு கையேடு. புட்டிகளை எண்ணால் அடையாளம் காணும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆங்கிலம் படிக்கத் தயங்கும் ஊழியருக்கும் "பதிமூன்றை எடுங்கள்" என்றால் புரிகிறது. கையேடு தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு சோதனைக்கும் தமிழில் அரைப்பக்கம் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு மூடியின் உட்புறம் ஒட்டினேன். அதன் பிறகே ஊழியர் பெட்டியைத் தைரியமாகத் திறந்தார்.

இனிச் சயனூரிக் அமிலச் சோதனை. சிறிய பிளாஸ்டிக் புட்டி ஒன்றில் 7 மில்லி கோடு வரை குளத்து நீர். அதன்மேல் 14 மில்லி கோடு வரை பதிமூன்றாம் எண் கரைசல். மூடியைத் திருகி, முப்பது விநாடி மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்க வேண்டும். கரைசலில் இருப்பது மெலமைன். அது சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்தவுடன் கரையாத வெண்துகள்களாகிக் கண்முன்னே தண்ணீர் பால் விட்டதுபோல் கலங்குகிறது. (2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நாய், பூனைத் தீவனங்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்களே, அந்தப் பிராணிகளின் சிறுநீரகத்தை அடைத்ததும் இதே இரண்டு பொருள்களும் சேர்ந்த படிகம்தான். குளத்தில் மெலமைன் இல்லை, ஆகவே குளிப்பவருக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை. வகுப்பில் சொல்லும் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.) அடியில் கரும்புள்ளி பதித்த குறுகிய குழாயை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, மேலிருந்து உற்றுப் பார்த்தபடி இந்தக் கலங்கலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். புள்ளி முதலில் சாம்பல் நிறமாகும், பிறகு ஓரம் கரையும், பிறகு மறையும். மறைந்த கணத்தில் திரவம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே அளவு. அமிலம் அதிகமென்றால் கலங்கலும் அதிகம். சிறிது ஊற்றியவுடனேயே புள்ளி மறைந்துவிடும். அதனால்தான் 100 என்ற கோடு அடியிலும் 30 என்ற கோடு உச்சியிலும் இருக்கின்றன. கோடுகளுக்கு இடையே உள்ள தூரமும் சமமானதன்று. கீழே நெருங்கியும் மேலே அகன்றும் இருக்கும்.

ஆகஸ்ட் மாதத்தின் ஒரு காலை வேளையில் முதல் சோதனை செய்தோம். நான் ஊற்ற, ஊழியர் அருகில் நின்றார். 100 என்ற கோட்டை எட்டுவதற்கு முன்பே புள்ளி காணாமல் போயிற்று. "புள்ளி எங்க சார் போச்சு?" என்று அவர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. 100க்கு மேற்பட்டதை அந்தக் குழாயில் படிக்க முடியாது. குளத்து நீரோடு ஸ்டெபிலைசர் இல்லாத நல்ல தண்ணீரைச் சரிபாதி கலந்து, வரும் எண்ணை இரட்டிப்பாக்க வேண்டும். குடிநீர் கேன் தண்ணீரைக் கலந்து பார்த்தபோது புள்ளி சரியாக 100 கோட்டின் அருகே மறைந்தது. கோடுகள் நெருங்கிக் கிடக்கும் அந்த இடத்தில் படிப்பதை நான் நம்பவில்லை. எனவே ஒரு பங்கு குளத்து நீருக்கு மூன்று பங்கு கேன் தண்ணீர் என்று மறுபடி கலந்து பார்த்தேன். இப்போது 50. நான்கால் பெருக்கினால் 200 பிபிஎம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட நீச்சல்குள வழிகாட்டுதல் சயனூரிக் அமிலம் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. எங்கள் குளத்தில் அதைப்போல் இரு மடங்கு இருந்தது.

அதே பெட்டியின் குளோரின் சோதனை இந்த எண்ணுக்குப் பொருள் தந்தது. 10 மில்லி நீரில் இரண்டு கரண்டித் தூள் போட்டால் இளஞ்சிவப்பாகிறது. பிறகு ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, நிறம் முற்றிலும் போகும்வரை எண்ண வேண்டும். ஒரு சொட்டுக்கு 0.5 பிபிஎம். நிறத்தை நிறத்தோடு ஒப்பிடும் வேலையே இல்லை. நிறம் இருக்கிறதா, போய்விட்டதா என்பது மட்டும்தான். கண்புரைச் சிகிச்சை செய்துகொண்ட என்னைப் போன்றவனுக்கு இது பெரிய வசதி. அன்று எட்டுச் சொட்டுகள் ஆயின, குளோரின் 4. அடுத்த கட்டத்தில், அழுக்கோடு சேர்ந்து பயனற்றுப் போன குளோரின் 1 என்று தெரிந்தது. ஊழியரின் மஞ்சள் சொட்டு மருந்து இந்த இரண்டையும் பிரிக்காமல் மொத்தமாகக் காட்டுவது. அந்த வகையில் அவர் "குளோரின் இருக்கு" என்றதில் பொய்யில்லை. பெயரளவுக்குப் பார்த்தால் 4 என்பது தாராளம். ஆனால் ஸ்டெபிலைசர் 200 இருக்கும் குளத்துக்கு வேண்டியது 15. பாசிக்கு அந்த 4 ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

பாசியாவது கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குக் கவலையளித்தது வேறொன்று: குழந்தை எதுவாவது வயிற்றுப்போக்கோடு குளத்தில் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை அழிக்க, ஸ்டெபிலைசர் இல்லாத நீரில் 20 பிபிஎம் குளோரினை 12.75 மணி நேரமும், ஸ்டெபிலைசர் 15 வரை உள்ள நீரில் அதே அளவை 28 மணி நேரமும் நிறுத்தி வைக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். வெறும் 15 பிபிஎம் இருந்தாலே நேரம் இரட்டிப்புக்கு மேல் போகிறதென்றால், 200 இருந்த எங்கள் குளத்தில் அந்தச் சிகிச்சையைச் செய்திருக்கவே முடியாது. சங்கத்தின் செயற்குழு தண்ணீர் வாங்க ஒப்புக்கொண்டது பாசிக்காக அன்று, இந்த எண்களுக்காகத்தான்.

பெட்டியின் மற்றச் சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிஎச், காரத்தன்மை, கால்சியக் கடினத்தன்மை ஆகிய மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. காரத்தன்மையில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு: சயனூரிக் அமிலமும் அந்த எண்ணில் பங்கேற்கிறது, வழக்கமான பிஎச் அளவில், ஸ்டெபிலைசரின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால்தான் உண்மைக் காரத்தன்மை கிடைக்கும். எங்களுக்கு வந்த 130இல் 66 போக மிஞ்சியது 64 மட்டுமே. ஸ்டெபிலைசரை அளக்காதவர் 130 போதுமென்று நிம்மதியாக இருந்திருப்பார்.

இவ்வளவு விலை கொடுக்காமல் தாள் பட்டைகளை வாங்கினால் போதாதா என்று குடியிருப்பாளர் சிலர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஒரு டப்பா வாங்கி, ஒரே கோப்பைத் தண்ணீரில் மூன்று பட்டைகளை நனைத்து மூன்று பேரிடம் கொடுத்தேன். ஆரஞ்சுக்கும் ஊதாவுக்கும் இடையே மாறும் அந்தச் சிறு சதுரத்தை ஒருவர் 50 என்றார், ஒருவர் 100 என்றார், மூன்றாமவர் 150 என்றார். குளோரின் அறவே இல்லையா என்று அவசரத்துக்குப் பார்க்கப் பட்டை உதவலாம், ஸ்டெபிலைசருக்கு உதவாது. மறுமுனையில் பாலின்டெஸ்ட், லோவிபாண்ட் போன்ற நிறுவனங்களின் ஒளிமானிகள் இருக்கின்றன. அவையும் மெலமைனால் கலங்கச் செய்துதான் அளக்கின்றன. ஆனால் கலங்கலைக் கண்ணுக்குப் பதிலாகக் கருவி படிப்பதால் ஆளுக்கு ஆள் வேறுபாடு வராது. தினமும் பல குளங்களைச் சோதிக்கும் விடுதிக்கோ நீச்சல் பயிற்சி மையத்துக்கோ அது ஏற்றது. ஒரே குளம் வைத்திருக்கும் குடியிருப்புக்கு அந்தச் செலவு வீண் என்பது என் எண்ணம்.

200ஐக் குறைக்கும் வழியைப் பற்றி ஒப்பந்த நிறுவனத்திடம் கேட்டபோது, ஸ்டெபிலைசரைத் தின்றுவிடும் பொடி ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். நான் அதை நாடவில்லை. தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் நிரப்புவதைப் போல நிச்சயமான வழி வேறில்லை. சென்னையில் அதற்கு விலை லாரிக் கணக்கில். 40க்குக் கொண்டுவர ஐந்தில் நான்கு பங்கை, அதாவது 57,600 லிட்டரை மாற்ற வேண்டும். 12,000 லிட்டர் லாரி ஐந்து. ஏரிகள் வறண்ட 2019 ஜூன் மாதத்தில் இந்தப் பேச்சை எடுத்திருந்தால் என்னைக் குடியிருப்பை விட்டே துரத்தியிருப்பார்கள். செலவு ஒரு பக்கம். அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும் மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்தால், அடியிலிருந்து வரும் நீரழுத்தம் வெற்றுத் தொட்டியைத் தூக்கி விரிசல் விடச் செய்துவிடும். ஆகவே மழைக்கு முன், செப்டம்பர் மாதத்திலேயே, பாதித் தண்ணீரை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தோம். வெளியேற்றும் நீரில் குளோரின் இருந்தால் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்கள் செத்துவிடும் என்பதால், குளத்தைப் பூட்டி, குளோரின் போடுவதை நிறுத்தி, சோதனையில் இளஞ்சிவப்பு வராத நாள்வரை காத்திருந்தோம். மூன்று லாரிகள் வந்தன. ஒரு நாள் முழுக்க மோட்டாரை ஓட்டிக் கலந்த பிறகு, சரிபாதி நீர் கலந்து சோதித்தால் 50, இரட்டித்தால் 100. கணக்கு சொன்னதும் அதே 100தான்.

மீதியை வடகிழக்குப் பருவமழைக்கு விட்டுவிட்டோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கிடைக்கிறது. 60 சதுர மீட்டர் பரப்புள்ள எங்கள் குளத்தில் அது 48,000 லிட்டர், அதாவது காசில்லாத நான்கு லாரி. மழைநீரில் ஸ்டெபிலைசர் கிடையாது. நிரம்பி வழியும் நீரோ ஸ்டெபிலைசரையும் சுமந்துகொண்டு போகிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரே நிபந்தனை, புதிதாக அமிலம் சேரக் கூடாது என்பது. அதனால் டிசிசிஏ டிரம்மை மூடி வைத்துவிட்டு, கேனில் வரும் திரவ ஹைப்போவுக்கு, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலுக்கு, மாறினோம். பிளீச்சிங் பவுடர் வகைகளை நான் ஏற்கவில்லை. அவை கால்சியத்தைச் சேர்க்கும், எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் அது ஏற்கெனவே ஓட்டின் மேல் வெள்ளையாகப் படியும் அளவுக்கு இருக்கிறது. ஹைப்போ மாலைக்கு 2 லிட்டர். சென்னை வெயிலில் அதன் வீரியம் வாரக்கணக்கில் இறங்கிவிடும் என்பதால் அதிகம் வாங்கிச் சேமிப்பதில்லை. டிசிசிஏ அமிலத்தன்மை உடையது. அதை நிறுத்தியதும் பிஎச் மேலே ஏறத் தொடங்கியது, வாரம் ஒருமுறை ஆசிட் விட வேண்டியிருக்கிறது. இந்த மாற்றத்தின்போது ஊழியர் டிசிசிஏ அள்ளிய அதே குவளையை ஹைப்போவுக்கும் எடுத்ததைப் பார்த்துப் பதறிவிட்டேன். இரு வகைக் குளோரினும் ஒன்றோடொன்று சேர்ந்தால் நச்சு வாயு வெளியேறலாம், உலர்ந்த தூள்களாக இருந்தால் தீப்பற்றவும் செய்யலாம். இப்போது இரண்டுக்கும் தனித்தனிக் குவளை, தனித்தனி அலமாரி.

ஜனவரி மாதம் பொங்கல் முடிந்த வாரத்தில் நீர் கலக்காமலே நேரடியாகச் சோதித்தோம். புள்ளி 50இல் மறைந்தது. அன்று ஊற்றியவர் ஊழியர், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறைகள் என்று சொன்னால், அவை பெரும்பாலும் இந்தச் சோதனை முறைக்கே உரியவை. புள்ளி மறைந்ததா இல்லையா என்பதில் கண்ணுக்குக் கண் வித்தியாசம் உண்டு. எங்கள் இருவருக்குமே 10 பிபிஎம் முன்பின் வரும். ஒரே கலங்கலைப் புட்டியில் திரும்ப ஊற்றி மீண்டும் படிக்கலாம் என்பதால் மூன்று முறை படித்து நடுவில் வருவதை எடுத்துக்கொள்கிறோம். கண்ணைப் பழக்க விரும்புபவர்களுக்கு 50 பிபிஎம் தரக் கரைசல் தனியாகக் கிடைக்கிறது. அதில் நாலைந்து முறை பார்த்துவிட்டால் கை தானாகவே சரியான இடத்தில் நின்றுவிடும். மாலையில் குழல்விளக்கின் கீழ் படிப்பது வீண். ஒவ்வொரு சோதனைக்கும் 7 மில்லி தேவைப்படுவதால் பதிமூன்றாம் எண் கரைசல்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் தீரும்; முதல் நாளிலேயே நாங்கள் மூன்று முறை செலவழித்துவிட்டோம். பெரிய புட்டிகள் அடங்கிய கே-2006சி என்ற வகையை வாங்குவது, அல்லது அந்த ஒரு கரைசலை மட்டும் பெரிய புட்டியாகச் சேர்த்து வாங்குவது புத்திசாலித்தனம். மோட்டார் அறையில் ஆசிட் கேனுக்குப் பக்கத்தில் பெட்டியை வைக்கக் கூடாது; சூட்டிலும் ஆவியிலும் கரைசல்கள் கெட்டுவிடும். எங்கள் பெட்டி சங்க அலுவலகத்தின் இரும்பு பீரோவில், கணக்குப் புத்தகங்களோடு இருக்கிறது.

கூரைக்குக் கீழே உள்ள குளம் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டெபிலைசரே தேவையில்லை. அவர்கள் டிசிசிஏ போடாதவரை இதைவிட எளிய பெட்டி போதும். திறந்தவெளிக் குளமும் டிசிசிஏ டிரம்மும் வைத்திருப்பவர்கள், இன்னொரு டிரம் வாங்கும் முன் இந்தப் பெட்டியை வாங்குவது நல்லது. தினமும் அளக்க வேண்டியதில்லை. குளோரினும் பிஎச்சும் தினசரி, ஸ்டெபிலைசர் மாதம் ஒருமுறை.

சென்ற வாரம் செய்த சோதனையில் எங்களுக்கு வேறொரு திசையிலிருந்து வேலை வந்திருக்கிறது. ஏழு மாத பேக்வாஷிலும் பிள்ளைகளின் ஆட்டத்திலும் ஸ்டெபிலைசர் 30க்கு இறங்கிவிட்டது. மதியத்துக்குள் ஹைப்போ வெயிலில் கரைந்துபோகிறது. 10 பிபிஎம் கூட்ட வேண்டும், அதற்கு 720 கிராம் சயனூரிக் அமிலம் வேண்டும். புதிதாக எதையும் வாங்கவில்லை. மூடி வைத்த பழைய டிசிசிஏ டிரம் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து ஒன்பது இரவுகள், இரவுக்கு 150 கிராம், அந்த நாள்களில் ஹைப்போவைக் குறைத்துக்கொண்டு, பத்தாம் நாள் டிரம்மை மறுபடி மூடிவிட வேண்டும் என்று பதிவேட்டில் எழுதி, நானும் ஊழியரும் கையெழுத்திட்டிருக்கிறோம்.